பழைய ஆம்னி வேனின் ரிவர்ஸ் விளக்கு: எஃப்.சி.க்கு முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: 2011-இல் பதிவான மாருதி ஆம்னி வேன் வைத்திருக்கிறேன். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டி. 15 ஆண்டு முடிவதால் எஃப்.சி. காட்ட வேண்டும். ரிவர்ஸ் கியர் போட்டால் வலதுபக்க வெள்ளை விளக்கு எரிவதே இல்லை; அதற்குப் பதிலாக அந்தப் பக்கத்துச் சிவப்புப் பார்க்கிங் விளக்கு மங்கலாக மினுக்குகிறது. இடதுபக்க விளக்கு சில நேரம் தானாக எரிகிறது, சில நேரம் கியர் லிவரை அழுத்திப் பிடித்தால்தான் எரிகிறது. பல்புகளை மாற்றியாயிற்று. பின்பக்கம் டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடித்ததிலிருந்துதான் இந்தத் தொல்லை. எங்கள் ஊர் எலக்ட்ரீசியன், எல்.இ.டி. பல்பு போட்டு டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்துவிடுவதாகவும், இன்ஸ்பெக்டர் கேட்கும்போது அதைத் தட்டிவிட்டால் போதும் என்றும் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? ரிவர்ஸ் ஹாரனும் கட்டாயமா?

பதில்: டேஷ்போர்டு சுவிட்ச் வேண்டாம். அது முறையல்ல என்பது ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், அந்த சுவிட்சை வைத்த பிறகும் உங்கள் வலதுபக்கக் கோளாறு தீரப் போவதில்லை. உங்கள் வண்டியில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. வலதுபக்கத்தில் எர்த், அதாவது மின்சாரம் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு, சரியாகக் கிடைக்கவில்லை. இடதுபக்க விளக்கு விட்டுவிட்டு எரிவதற்கு, கியர் பாக்ஸில் இருக்கும் ரிவர்ஸ் சுவிட்ச் தேய்ந்திருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். இரண்டும் ஒரே விளக்குச் சுற்றில் சேர்ந்து வந்ததால், பல்பை மாற்றியும் பிடிபடாத ஒரே மர்மக் கோளாறு போலத் தோன்றுகிறது. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே எளிய வேலைகள்தாம், செலவும் அதிகம் ஆகாது.

முதலில் எஃப்.சி. பற்றி ஒரு சொல். வாடகை வண்டிகளுக்கு வழங்கப்படும் தகுதிச் சான்று வேறு, உங்கள் வண்டிக்கு நடக்கப்போவது வேறு. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் படிவம் 25-இல் விண்ணப்பித்து, வண்டியை நேரில் காட்டி, ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பேச்சுவழக்கில் இதையும் எஃப்.சி. என்றே சொல்லிவிடுகிறோம். காலக்கெடுவுக்கு 60 நாட்கள் முன்னதாகவே விண்ணப்பிக்க விதியில் இடம் இருப்பதால், கடைசி வாரத்தில் அவசரப்பட்டு ஒட்டுவேலை பார்ப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை. இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி ஆகியவற்றை நீங்கள் கவனித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்பதால் விளக்குக்கு வருகிறேன்.

ரிவர்ஸ் விளக்கின் மின்பாதை மிகவும் எளிமையானது. சாவியைத் திருப்பியதும் ஒரு ஃப்யூஸ் வழியாக வரும் மின்சாரம், வண்டிக்கு அடியில் கியர் பாக்ஸின் பக்கவாட்டில் திருகப்பட்டிருக்கும் சுவிட்சுக்குச் செல்கிறது. நீங்கள் ரிவர்ஸ் கியர் போடும்போது உள்ளிருக்கும் கியர் தண்டு அந்த சுவிட்சின் முனையை அழுத்த, சுவிட்ச் இணைந்து, மின்சாரம் ஒரே ஒயரில் பின்பக்கம் சென்று, அங்கே இரண்டாகப் பிரிந்து இரு பல்புகளையும் அடைகிறது. பல்பிலிருந்து வெளியேறும் மின்சாரம் பாடி வழியாக, அதாவது எர்த் வழியாக, பேட்டரியின் மைனஸ் முனைக்குத் திரும்புகிறது. ஆகவே ஃப்யூஸும் கியர் பாக்ஸ் சுவிட்சும் இரு விளக்குகளுக்கும் பொது. பல்பு, ஹோல்டர், எர்த் மூன்றும் அந்தந்தப் பக்கத்துக்குத் தனி. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இடதுபக்க விளக்கு நன்றாக எரியும் அதே நொடியில் வலதுபக்கம் எரியாமல் இருக்குமானால், அந்த நொடியில் ஃப்யூஸும் சுவிட்சும் வேலை செய்கின்றன என்று பொருள்; குறை வலதுபக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

இனி, சிவப்புப் பார்க்கிங் விளக்கு மினுக்கும் விஷயம். உங்கள் கடிதத்திலேயே மிகவும் பயனுள்ள வரி அதுதான். பின்விளக்குக் கூட்டில் உள்ள ரிவர்ஸ், பிரேக், பார்க்கிங், இண்டிகேட்டர் பல்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எர்த் ஒயர், பெரும்பாலும் கறுப்பு நிறத்தில், வெளியே வந்து பாடியில் இணைந்திருக்கும். அந்த இணைப்பு விட்டுப்போனால், ரிவர்ஸ் பல்புக்குள் நுழைந்த மின்சாரத்துக்கு வெளியேற வழி இருக்காது. அடைபட்ட வடிகாலில் தேங்கிய தண்ணீர் பக்கத்து வீட்டு முற்றத்துக்குள் புகுவதைப் போல, அது அதே கூட்டில் இருக்கும் பார்க்கிங் பல்பின் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, பார்க்கிங் ஒயர் வழியாக இடதுபக்க விளக்குக்கும் நம்பர் பிளேட் விளக்குக்கும் சென்று, அங்கே உள்ள நல்ல எர்த் வழியாக வெளியேறுகிறது. ரிவர்ஸ் பல்பு 21 வாட், பார்க்கிங் இழை 5 வாட். இரண்டும் இப்படித் தொடராக இணைந்துவிட்டால் வோல்டேஜில் பெரும்பங்கைச் சிறிய இழையே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் எரிய வேண்டிய வெள்ளை விளக்கு இருட்டாகவும், எரியக்கூடாத சிவப்பு விளக்கு மங்கலான ஒளியோடும் தெரிகின்றன. எத்தனை புது பல்பு போட்டாலும் இந்தக் காட்சி மாறாது.

டிங்கரிங்குக்குப் பிறகுதான் இது தொடங்கியது என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதும் இத்துடன் பொருந்துகிறது. விளக்குக் கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, துருப்பிடித்த இடத்தில் தகடு ஒட்டி, பட்டி பூசி, தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் பெயின்ட் அடிப்பார்கள். முன்பு எர்த் ஒயரின் வளையம் வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் இப்போது மூன்று நான்கு படலங்கள் இருக்கும். பெயின்டும் பட்டியும் மின்சாரத்தைக் கடத்தா. ஒயரைப் பழைய இடத்திலேயே திருகிவிட்டார்கள் என்றாலும், திருகின் புரிகள் வழியாக ஏதோ கொஞ்சம் கசியுமே தவிர, சரியான இணைப்பு கிடைக்காது. எஃப்.சி.க்குப் போகும் முன் வண்டியை மினுக்குவதற்காகப் பெயின்ட் அடித்து, அதே காரணத்தால் விளக்கில் மாட்டிக்கொள்ளும் வண்டிகள் பட்டறைக்கு அடிக்கடி வருகின்றன. பெயின்டர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; ஒயரிங் அவர்கள் வேலை அல்ல.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, விளக்கின் கண்ணாடியைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். சுமாரான நீளமுள்ள ஓர் ஒயரின் ஒரு முனையை வண்டியின் அடிப்பகுதியில் பெயின்ட் இல்லாத ஏதாவது ஒரு போல்ட்டில் நன்றாக அழுத்திக் கட்டி, சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓடவிடாமல் ரிவர்ஸ் கியர் போட்டு, மறுமுனையை ரிவர்ஸ் பல்பு உட்கார்ந்திருக்கும் ஹோல்டரின் உலோகப் பகுதியில் தொட வையுங்கள். ஒருவர் முன்னால் அமர்ந்து கியர் லிவரை அழுத்திப் பிடித்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் இரண்டாவது கோளாறு வந்து குழப்பும். தொட்ட நொடியில் வெள்ளை விளக்கு பளிச்சென்று எரிந்து, சிவப்பு மினுக்கல் நின்றுபோனால், எர்த்தைத் தவிர வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

அதைச் சரிசெய்யும் முறையும் நேரானது. எர்த் ஒயர் பாடியில் சேரும் திருகைக் கழற்றி, வளையம் உட்காரும் அளவுக்கு மட்டும் பெயின்டை உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, வளையத்தின் இரு முகங்களையும் அவ்வாறே தேய்த்து, பல் உள்ள வாஷர் போட்டு இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு, முன்னால் அல்ல, அதன்மேல் கொஞ்சம் கிரீஸோ பெட்ரோலியம் ஜெல்லியோ பூசினால் மழைநீரில் மறுபடி துருப்பிடிக்காது. வளையத்துக்குள் ஒயர் நுழையும் இடத்தைச் சற்று இழுத்துப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஒயரின் உள்ளே செம்பு முழுவதும் களிம்பேறிப் பச்சையாகியிருக்கலாம். அப்படியானால் அந்த அளவுக்கு வெட்டிவிட்டுப் புது வளையம் போட வேண்டும். ஹோல்டரின் உட்புறத்தையும் அடியில் உள்ள ஸ்பிரிங் முனையையும் அதே உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிவிடுங்கள்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவரிடம் ஒரு சோதனை செய்யச் சொல்லலாம். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையைப் பல்பின் பித்தளை உடலிலும் வைத்து வோல்ட் பார்க்க வேண்டும். 0.2 வோல்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒரு வோல்டைத் தாண்டினால் வேலை இன்னும் முடியவில்லை. விளக்கை எரியவிடாமல் ஓம் கணக்கில், அதாவது மின்தடையை மட்டும், பார்த்துவிட்டு எர்த் நன்றாக இருப்பதாகச் சொல்வதை ஏற்காதீர்கள். ஒற்றை இழையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரும் அந்தச் சோதனையில் தேறிவிடும். 21 வாட் பல்புக்கு வேண்டிய 1.75 ஆம்பியர் பாயும்போதுதான் அதன் யோக்கியதை வெளியே வரும். வழியில் இரண்டு வோல்ட் இழந்து 12-க்குப் பதில் 10 வோல்ட் மட்டும் பல்புக்குக் கிடைத்தால், இழை பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். விளக்கு மங்கலாக எரிகிறது என்பவர்கள் பலர் பல்பின் வாட்டைக் கூட்டப் பார்க்கிறார்கள். கூட்டினால் ஹோல்டர் உருகும், கண்ணாடி கருகும்.

அடுத்தது கியர் லிவரை அழுத்தினால் எரியும் விவகாரம். கியர் பாக்ஸ் சுவிட்சிலிருந்து வரும் இரண்டு ஒயர்களும் சற்றுத் தள்ளி ஒரு கப்ளரில், அதாவது ஒயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் கூட்டில், சேரும். அந்தக் கப்ளரைப் பிரித்து, வண்டிப் பக்கம் செல்லும் இரு முனைகளையும், இடையில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு, சாவியைத் திருப்புங்கள். கியர் போடத் தேவையில்லை. இரு விளக்குகளும் அசையாமல், பளிச்சென்று எரிந்தால், சுவிட்சையும் கியர் அசைவையும் தவிர மற்றவை எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. அப்போதும் விட்டுவிட்டு எரிந்தால் சுவிட்சை வாங்க ஓடாதீர்கள்; கப்ளரிலிருந்து பின்பக்கம் செல்லும் ஒயரையும் ஃப்யூஸ் பிடிகளையும் பார்க்க வேண்டும். எர்த்தைச் சரிசெய்த பிறகே இந்தச் சோதனையைச் செய்யுங்கள், முன்பே செய்தால் விடை தெளிவாகக் கிடைக்காது.

சுவிட்சை மாற்றுவது வண்டிக்கு அடியில் படுத்துச் செய்யும் வேலை என்பதால், பள்ளம் உள்ள பட்டறையில் செய்வதே உத்தமம். வீட்டில்தான் செய்வேன் என்றால், ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகக்கூடாது; ஸ்டாண்ட் வைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சைலன்சர் குழாய் ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். சுவிட்சைக் கழற்றும்போது அந்தத் துளை வழியாகக் கியர் ஆயில் வடியக்கூடும். அடியில் ஒரு தட்டை வையுங்கள், வேலை முடிந்ததும் ஆயில் மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள். பழைய சுவிட்சைக் கையோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு எடுத்துச் சென்று, புரியின் அளவும் முனையின் நீளமும் ஒன்றாக இருக்கிறதா என்று அருகருகே வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். ஆம்னி 2019 வரை தயாரிக்கப்பட்ட வண்டி என்பதால் உதிரிப் பாகத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மாறுதல்கள் நடந்த வண்டி அது, பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போகலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுவிட்சின் அடியில் இருக்கும் வாஷர் ஆயில் கசிவதைத் தடுப்பதற்காக மட்டும் அல்ல. முனை எவ்வளவு தூரம் உள்ளே நீள வேண்டும் என்பதையும் அதன் கனமே தீர்மானிக்கிறது. கசிவு நிற்கட்டும் என்று இரண்டு வாஷர் போட்டால் முனை எட்டாமல் விளக்கு எரியாது. வாஷரே போடாமல் இறுக்கினால் கியர் நியூட்ரலில் இருக்கும்போதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். புது சுவிட்ச் போட்ட பிறகும் லிவரை அழுத்தினால்தான் எரிகிறது என்றால், கியர் லிவரிலிருந்து பாக்ஸுக்குச் செல்லும் இணைப்பின் புஷ்கள் தேய்ந்து, ரிவர்ஸ் கியர் முழுமையாக விழாமல் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். அது விளக்குப் பிரச்சினை மட்டும் அல்ல, கியர் பல்லைத் தின்னும் பிரச்சினை. மெக்கானிக்கிடம் தனியாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

போகிற போக்கில் இன்னொன்றையும் பாருங்கள். ரிவர்ஸ் ஹாரன், சென்சார், கேமரா என்று எதை மாட்டினாலும் அதற்கான மின்சாரத்தை இந்த ரிவர்ஸ் ஒயரிலிருந்துதான் எடுப்பார்கள். ஒயரின் தோலைச் சீவி, புது ஒயரை முறுக்கி, டேப் சுற்றிவிடுவார்கள். ஓரிரு கோடைகளில் டேப்பின் பசை உருகி வழிய, மழையில் அந்த முறுக்கு களிம்பேறிவிடும். அப்படி ஏதாவது தென்பட்டால் வெட்டிவிட்டுப் புதிதாக ஈயம் வைத்து ஒட்டி, சுருங்கும் குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள். பல நாள் ஓடாமல் நின்ற வண்டி என்றால் எலி கடித்த இடமும் இருக்கும்.

இப்போது உங்கள் எலக்ட்ரீசியன் சொன்ன யோசனைக்கு வருகிறேன். அவர் வைக்க நினைக்கும் சுவிட்ச், கியர் பாக்ஸ் சுவிட்சுக்கு மாற்றாக மட்டுமே அமையும். வலதுபக்கத்து எர்த் அப்படியே விட்டுப்போன நிலையில்தான் இருக்கும் என்பதால், தட்டினாலும் அந்தப் பக்கம் இழை பல்பு எரியாது; எல்.இ.டி. எரிந்தாலும் கோளாறு மறைந்திருக்குமே தவிரத் தீராது. இது தொழில்நுட்பக் காரணம். சட்டக் காரணமும் உண்டு: 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, வண்டியின் பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு நிற ஒளி தெரியக்கூடாது, அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று, வண்டி பின்னோக்கி வரும்போது எரியும் வெள்ளை விளக்கு. கியரோடு சேராமல் கையால் போடும் விளக்கு, அணைக்க மறந்த ஒவ்வோர் இரவிலும் அந்த விலக்கைத் தாண்டிவிடுகிறது. பின்னால் வருபவருக்குக் கண் கூசும், அல்லது நீங்கள் பின்னோக்கி வருவதாக எண்ணித் திடீரென்று பிரேக் போடுவார். நம் ஊர்களில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கப்படும் மோட்டார் வாகன ஆய்வாளருக்கு இந்த வித்தை புதிதும் அல்ல. கியர் போடச் சொல்லிவிட்டு உங்கள் கை எங்கே போகிறது என்று பார்த்தாலே போதும்.

எல்.இ.டி. பற்றி எனக்கு விரோதம் கிடையாது. ஆனால் இழை பல்புக்காக வடிவமைத்த கூட்டில் கடையில் கிடைக்கும் எல்.இ.டி.யைச் செருகினால், வெளிச்சம் கண்ணாடியின் ஓரிடத்தில் குவிந்து மற்ற இடம் இருண்டு கிடக்கும். மேலும், அது மிகக் குறைந்த மின்சாரத்தில் எரிவதால், அரைகுறை எர்த்தையும் தேய்ந்த சுவிட்சையும் சிறிது காலம் மறைத்துவைக்கும். நீல நிறம் கலந்ததும் விட்டுவிட்டு மின்னுவதும் கண்டிப்பாக வேண்டாம். 12 வோல்ட், 21 வாட், ஒற்றை இழை பல்பே போதும். பிரேக்குக்கான 21/5 வாட் இரட்டை இழை பல்பை இதில் திணித்திருக்கிறார்களா என்று ஒரு முறை பாருங்கள். அதன் இரு ஊசிகளும் ஒரே உயரத்தில் இருக்காது, அடியில் இரண்டு ஈயப் புள்ளிகள் இருக்கும். அழுத்தித் திருகி உட்கார வைத்துவிடுவார்கள், அது ஹோல்டரின் வாயையே கெடுத்துவிடும்.

கண்ணாடியைத் திரும்ப மாட்டும்போது அதன் ரப்பர் பட்டை காய்ந்து வெடித்திருந்தால் புதிது போடுங்கள். கண்ணாடி உடைந்திருந்தால் டேப் ஒட்டிச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் செய்வதாக இருந்தால் ஆய்வு நாளன்று காலையில் வேண்டாம். இரண்டு நாள் முன்னதாகச் செய்து, அன்று மாலையே எல்லா விளக்குகளையும் போட்டுப் பார்த்தால், தண்ணீர் புகுந்த கூடு எது என்று தெரிந்துவிடும். சேசிஸுக்குக் கறுப்பு பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் அதை ஒயரிங் வேலைக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் தேய்த்து வைத்த எர்த்தின் மேல் மறுபடியும் பெயின்ட் ஏறும். புறப்படும் முன் சுவருக்கு அருகில் வண்டியின் பின்புறம் இருக்குமாறு நிறுத்தி, ரிவர்ஸ் கியரில் பிரேக்கையும் மிதித்து, இண்டிகேட்டரையும் பார்க்கிங்கையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். நான்கும் ஒன்றையொன்று பாதிக்காமல், இருபுறமும் சமமாகச் சுவரில் விழ வேண்டும். ஒன்று எரியும்போது இன்னொன்று மங்கினால் எர்த் இன்னும் முழுமையாகவில்லை.

ரிவர்ஸ் ஹாரனைப் பொறுத்தவரை, உங்கள் வண்டிக்கு அது கட்டாயம் இல்லை. பின்னோக்கி வரும்போது ஓட்டுநரை எச்சரிக்கும் சென்சார் ஏற்பாடு, 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் பயணிகள் கார்களுக்குத்தான் கட்டாயமாக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டு வண்டியில் அது இல்லையென்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. பாட்டுப் பாடும் ஹாரன் ஏதாவது மாட்டியிருந்தால், ஆய்வுக்கு முன் கழற்றிவிட்டு, அது ரிவர்ஸ் ஒயரில் சேர்ந்திருந்த இடத்தை மேலே சொன்னபடி ஒட்டி மூடச் சொல்லுங்கள்.